இந்த வேகத்திற்கு இடம் எங்கே?

கணக்கெழுதிச் செலவு செய்வது நல்ல பழக்கம். வரவையும் செலவையும் எழுதி வைக்கும் வீட்டில் கடன் குறைவு, மனத்தாங்கலும் குறைவு. அந்தப் பழக்கம் நம் இளைஞர்கள் சிலரிடம் எதிர்பாராத ஒரு துறையில் வந்து சேர்ந்திருக்கிறது. தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம், பெருங்களத்தூர் பகுதிகளில் மோட்டார் கார்களின் மீது தீராத ஆசை கொண்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். பழைய கார் ஒன்றை வாங்கி, அதன் இஞ்சினைக் கூட்டியும் மாற்றியும், கம்பெனி கொடுத்ததைப்போல் இரண்டு மடங்கு மூன்று மடங்கு குதிரைத்திறன் உள்ளதாக ஆக்கிச் சாலையில் ஓட்ட வேண்டும் என்பது அவர்களின் கனவு. அதற்காக மாதக்கணக்கில் திட்டமிடுகிறார்கள். எந்தப் பாகம், என்ன விலை, எந்தப் பட்டறை என்று நோட்டுப் புத்தகம் நிறைய எழுதி வைத்திருக்கிறார்கள்.

"இது கூடுமா, கூடாதா?" என்ற கேள்வி நம்மிடம் வருகிறது. பெற்றோர்கள், "இது வீண்விரயம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். பிள்ளைகளோ, "என் உழைப்பு, என் ஹலாலான காசு, இதில் யாருக்கு என்ன நஷ்டம்?" என்று ஒரே மூச்சில் பதில் சொல்லிவிடுகிறார்கள். இரு சாராரும் அவசரப்படுகிறார்கள் என்பதே நம் கருத்து. பொறுமையாகச் சிந்தித்தால் இதனுள்ளே பல கேள்விகள் அடங்கியிருப்பது தெரியும்.

குதிரையும் பந்தயமும்

முதலாவதாக, வேகத்தை விரும்புவதே குற்றம் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். தடை வராத பொருள்கள் அனைத்தும் அடிப்படையில் ஆகுமானவை என்பது நம் ஃபிக்ஹு நூல்களில் அறியப்பட்ட சட்ட விதி. அல்லாஹ் தன் அடியார்களுக்காக வெளிப்படுத்திய அலங்காரத்தைத் தடுத்தவர் யார் என்று திருமறையே கேட்கிறது.

மோட்டாரின் வலிமையை இன்றும் குதிரையைக் கொண்டே அளக்கிறோம். குதிரையைப் பற்றியோ நம் மார்க்கத்தில் நிறையச் செய்திகள் இருக்கின்றன. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தினார்கள் என்று இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. தீனியை முறைப்படுத்தி, உடலை இறுக்கி, பந்தயத்திற்கென்றே தயார் செய்யப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யா என்ற இடத்திலிருந்து ஸனிய்யத்துல் வதாஃ வரை எல்லை குறிக்கப்பட்டது. அது ஐந்தாறு மைல் தூரம். அவ்வாறு தயார் செய்யப்படாத குதிரைகளுக்கு ஸனிய்யத்துல் வதாஃவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை மட்டுமே. அது ஒரு மைல் அளவு. இப்னு உமர் (ரலி) அவர்களும் அந்தப் பந்தயத்தில் குதிரை ஓட்டியவர்கள்.

இந்தச் செய்தியை ஊன்றிக் கவனிக்க வேண்டும். வேகம் அனுமதிக்கப்பட்டது. அதற்காகக் குதிரையைத் தயார் செய்வதும் அனுமதிக்கப்பட்டது. ஆனால் ஓட்டம் தொடங்குமுன் இரண்டு விஷயங்கள் முடிவாகிவிட்டன. எங்கிருந்து எதுவரை என்பது ஒன்று. எந்தக் குதிரைக்கு எவ்வளவு தூரம் தாங்கும் என்பது மற்றொன்று. முதலில் இடம், அடுத்து தகுதி, அதற்குப் பிறகுதான் வேகம்.

வேறொரு ஹதீஸில், குதிரை மூன்று வகையாக ஆகும் என்று அண்ணலார் அறிவித்திருக்கிறார்கள். ஒருவருக்கு அது நற்கூலி. ஒருவருக்கு அது மானத்தைக் காக்கும் திரை. ஒருவருக்கு அது பாவச் சுமை. பாவச் சுமையாக ஆவது பெருமைக்காகவும் பிறர் பார்க்க வேண்டும் என்பதற்காகவும் கட்டி வைக்கப்பட்ட குதிரை. பிராணி ஒன்றுதான். வைத்திருப்பவனின் நோக்கமும் அதைப் பயன்படுத்தும் விதமும்தான் அதன் பெயரை மாற்றுகின்றன.

ஒன்றைக் கூட்டினால் ஒன்பது கேட்கும்

இனி அந்த நோட்டுப் புத்தகத்திற்கு வருவோம். நம் பகுதிக்கு அருகிலேயே, மறைமலைநகர் ஃபோர்டு தொழிற்சாலையில் 1999 முதல் 'ஐகான்' என்ற கார் தயாரானது. அந்தத் தொழிற்சாலை 2022-ல் கார் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஐகானின் 1.6 லிட்டர் பெட்ரோல் இஞ்சின் ஏறக்குறைய 92 குதிரைத்திறன் தரும். இப்படிப்பட்ட ஒரு காரை 200 குதிரைத்திறனுக்கு உயர்த்த நினைப்பவன் முதலில் எழுதுவது டர்போ சார்ஜர். வெளியேறும் புகையின் விசையால் ஒரு சக்கரம் சுழன்று, வெளிக்காற்றை அமுக்கி இஞ்சினுக்குள் தள்ளுகிறது. காற்று கூடினால் பெட்ரோலும் கூடுதலாக எரியும், வலிமையும் கூடும்.

வலிமை கூடும்போது சூடும் அழுத்தமும் உடன் கூடுகின்றன. காற்றைக் குளிர்விக்க இன்டர்கூலர் வேண்டும். பெட்ரோல் நேரங்கெட்டு வெடித்து இஞ்சின் 'நாக்' அடிக்காமலிருக்க உயர்ந்த ஆக்டேன் எரிபொருளும், கணினிப் பெட்டியில் புதிய கணக்கும் வேண்டும். வார்ப்புப் பிஸ்டனும் கனெக்டிங் ராடும் தாங்காத இடத்தில் அடித்து உருவாக்கிய வலுவான பாகங்கள் வேண்டும். இஞ்சின் தாங்கினால் கிளச் வழுக்கும். கிளச்சை மாற்றினால் கியர் பாக்ஸின் பல் உடையும். அதையும் சரி செய்தால் டிரைவ் ஷாஃப்ட் முறுக்கிக்கொள்ளும். வலிமை ஒரு சங்கிலி. அதில் இளைத்த கண்ணி எதுவோ அது அறும்.

ஆகவே இத்தொழிலில் பழுத்தவர்கள் திட்டத்தைத் தலைகீழாக எழுதச் சொல்கிறார்கள். முதலில் பிரேக், பிறகு டயர், பிறகு சஸ்பென்ஷன், பிறகு குளிர்விக்கும் ஏற்பாடு, கடைசியில்தான் இஞ்சின். நிறுத்த முடியாத வண்டியை ஓடவைக்காதே என்பதே அதன் பொருள். உடையப் போகும் பாகத்திற்கென்று ஒரு தொகையைத் தொடாமல் ஒதுக்கி வைக்கவும் சொல்கிறார்கள். இந்தப் புத்திமதிகளைக் கேட்கும்போது நமக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆசைக்குக் கடிவாளத்தைத் தைத்துவிட்டுப் பிறகு சேணத்தைத் தேடு என்பதல்லவா இது!

எனினும் பெரும்பாலான நோட்டுப் புத்தகங்களில் இந்த வரிசை இருப்பதில்லை. குதிரைத்திறன் பிறரிடம் சொல்லிக்கொள்ளக் கூடிய எண். பிரேக்கின் தரத்தைப் பற்றி யாரும் பெருமை பேசுவதில்லை. பணம் எந்த வரியில் முதலில் போகிறது என்பதைப் பார்த்தாலே நிய்யத்து எங்கே இருக்கிறது என்று அறிந்துகொள்ளலாம்.

கணக்கேட்டில் விடுபடும் வரிகள்

மார்க்கக் கண்ணோட்டத்தில் இக்கணக்கில் விடுபடும் வரிகள் சிலவற்றை இங்கே நினைவூட்டுவது நம் கடமை.

ஒன்று, ஜகாத். சொந்த உபயோகத்திற்கான வாகனத்தின் மீது ஜகாத் இல்லை என்பதைப் பலரும் அறிந்திருக்கிறார்கள். ஆனால் வாகனத்திற்காகச் சேர்த்து வைத்த பணம், பணமாகவே இருக்கும் வரை அதற்கு இந்தச் சலுகை கிடையாது. நிஸாபை அடைந்து ஓராண்டு நிறைந்தால் நாற்பதில் ஒரு பங்கு கொடுத்தாக வேண்டும். ஆறு லட்சம் ரூபாயைச் சேர்த்து ஓராண்டு வைத்திருப்பவன் பதினைந்தாயிரம் ரூபாய் ஏழைகளுக்குக் கடன்பட்டிருக்கிறான். "டர்போவிற்கு வைத்திருக்கிறேன்" என்பது அதற்குப் பதிலாகாது.

இரண்டு, வட்டி. பாகங்களைத் தவணையில் வாங்குவதும், கடன் அட்டையில் வாங்கிவிட்டு வட்டி கட்டுவதும் இன்று எளிதாகிவிட்டன. பசிக்காக வட்டி வாங்கியவனைக் கண்டு நாம் இரக்கப்படுகிறோம். பந்தயக் காருக்காக வட்டி வாங்குபவனுக்கு என்ன சமாதானம் இருக்க முடியும்?

மூன்று, பட்டறையோடு செய்யும் ஒப்பந்தம். "செய்து பார்ப்போம், ஆவதை வாங்கிக்கொள்ளுங்கள்" என்ற பேச்சில் தொடங்கும் வேலை பெரும்பாலும் சச்சரவில் முடிகிறது. என்ன வேலை, என்ன கூலி, எந்தத் தவணை, பாகம் உடைந்தால் யார் பொறுப்பு என்று எழுதிக்கொள்ளுங்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி கட்டளையிடும் திருமறையின் மிக நீண்ட வசனம் நம்மிடமிருந்தும் நாம் எழுதாமலிருப்பது வியப்பே. மெக்கானிக்கின் கூலியை இழுத்தடிப்பது, அதைச் செய்பவனின் வண்டி எவ்வளவு பளபளத்தாலும், அநியாயமே.

நான்கு, வீட்டாரின் ஹக்கு. தகப்பனாரின் மருத்துவம் காத்திருக்கிறதா? தங்கையின் படிப்புக் கட்டணம் பாக்கியிருக்கிறதா? உறவினரிடம் வாங்கிய கைமாற்று திரும்பியதா? இவற்றுக்குப் பிறகு எஞ்சுவதே உண்மையில் 'என் காசு'.

வழியின் உரிமை

இந்த நான்கு வரிகளையும் ஒருவன் சரியாக எழுதிவிட்டான் என்றே வைத்துக்கொள்வோம். கடன் இல்லை, வட்டி இல்லை, ஜகாத் கொடுத்தாயிற்று, வீட்டாரும் மனம் ஒப்பினார்கள். இப்போதாவது கூடுமா? இங்கேதான் முக்கியமான கேள்வி எழுகிறது. இந்த வலிமையை எங்கே செலவிடப் போகிறான்?

சமமான சாலையில் ஒரு சிறிய கார் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் சீராக ஓட 10 குதிரைத்திறன்கூட வேண்டியதில்லை. மீதியெல்லாம் ஏற்றத்திற்கும், பாரத்திற்கும், வேகத்தைக் கூட்டுவதற்கும்தான். 200 குதிரைத்திறனை முழுவதுமாகப் பயன்படுத்தினால் சில விநாடிகளுக்குள் வண்டி சட்டத்தின் எல்லையைத் தாண்டிவிடும். ஆகவே, பொதுச்சாலைக்கென்று கட்டிய இந்த வண்டியின் சொந்தக்காரன் இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும். அந்த வலிமையைப் பயன்படுத்த வேண்டும். அல்லது பயன்படுத்தாமல் வைத்திருக்க வேண்டும்.

பயன்படுத்தினால் என்ன ஆகும்? 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவன் ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒரு விநாடி எடுத்தால், அதற்குள் வண்டி 17 மீட்டர் கடந்துவிடும். பிறகு நல்ல காய்ந்த சாலையில் நிற்க மேலும் 20 மீட்டர் ஆகும். 120 கிலோமீட்டரில் அந்த ஒரு விநாடியில் 33 மீட்டர். நிற்பதற்கு மேலும் 80 மீட்டர். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகிறது. இதைப் பணத்தால் மாற்ற இயலாது. அல்லாஹ் படைப்பில் வைத்த நியதி அது. பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. சாலையைக் கடக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும், அதிகாலையில் மின்சார ரயிலைப் பிடிக்க ஓடும் கூலித் தொழிலாளிக்கும் இந்தக் கணக்குத் தெரியாது. வண்டி தூரத்தில் வருகிறது என்று நம்பியே அவர்கள் காலை எடுத்து வைக்கிறார்கள்.

நம் ஹனஃபி மத்ஹபின் ஃபுகஹாக்கள் இதற்கு ஓர் அரிய விதியை வகுத்திருக்கிறார்கள். பொதுவழியில் செல்ல எல்லோருக்கும் உரிமை உண்டு. ஆனால் தவிர்க்கக்கூடிய தீங்கு பிறருக்கு நேராமை அந்த உரிமையின் நிபந்தனை. ஒட்டகமும் குதிரையும் சென்ற தெருக்களுக்காக வகுத்த விதி இது. வண்டி நமக்குச் சொந்தம். வழி நமக்குச் சொந்தமன்று. வழியில் கிடக்கும் முள்ளை அகற்றுவதை ஈமானின் ஒரு கிளை என்று கற்றுக்கொடுத்த மார்க்கத்தில் இருந்துகொண்டு, நாமே வழியின் முள்ளாக ஆகலாமா?

சத்தத்தையும் புகையையும் இதில் சேர்த்தே எண்ண வேண்டும். வேகத்திற்காக வினையூக்கிப் பெட்டியைக் கழற்றிவிட்டு, அதிரும் சைலன்சரைப் பொருத்துகிறார்கள். தாம்பரம் சானடோரியத்திற்கு அந்தப் பெயர் வந்ததே 1928-ல் அங்கே தொடங்கிய நெஞ்சுநோய் மருத்துவமனையால். மூச்சுக்குத் தவிப்பவர்கள் இன்றும் அங்கே படுத்திருக்கிறார்கள். அந்த வழியே புகையைக் கக்கிக்கொண்டு போவதற்கு முன் ஒரு கணம் யோசிக்க வேண்டாமா?

நாட்டின் சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் திருத்தம், அனுமதியின்றி மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்திற்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று விதித்தது. பொதுச்சாலையில் பந்தயம் ஓட்டுவது தனிக் குற்றம். ஓட்டுநர் உரிமத்தை வாங்கியபோது இவ்விதிகளுக்குக் கட்டுப்படுவதாக ஏற்றுக்கொண்டோம். வாக்கை நிறைவேற்றுவது முஃமினின் அடையாளம். பந்தயத்தில் இருவரும் பணம் கட்டி, வென்றவன் அனைத்தையும் எடுத்துக்கொள்வதானால் அது சூதாட்டம் என்பதில் ஐயமில்லை.

"நான் வேகமாக ஓட்டவே மாட்டேன், வலிமை இருக்கிறது என்ற திருப்திக்காக மட்டும் வைத்துக்கொள்கிறேன்" என்று ஒருவன் சொல்லலாம். அப்படியானால் ஒருநாளும் பயன்படாத ஒன்றுக்காக லட்சங்களைக் கொட்டியதாக ஆகிறது. அறிஞர்கள் இஸ்ராஃப், தப்தீர் என்று இரண்டைப் பிரித்துச் சொல்கிறார்கள். தகுந்த இடத்தில் அளவுக்கு மிஞ்சிச் செலவிடுவது இஸ்ராஃப். தகாத இடத்தில் செலவிடுவது தப்தீர். தப்தீர் என்ற சொல்லின் வேரில் விதை என்ற பொருள் இருக்கிறது. விதை கெட்டதன்று, பாறையில் இறைத்தால் வீண், பிறர் நிலத்தில் இறைத்தால் வம்பு. இடம்தான் அதைத் தீர்மானிக்கிறது.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை

இதைக் கேட்ட இளைஞன் நம்மைத் திருப்பிக் கேட்பான்: "ஒரே நாள் விருந்துக்கு மண்டப வாடகையும் அலங்காரமும் பத்து லட்சம் ஆகிறதே, அது வீண்விரயம் இல்லையா? என் வண்டியாவது ஆண்டுக்கணக்கில் இருக்கும். அதைக் கட்டும்போது நான் ஒரு தொழிலையே கற்றுக்கொள்கிறேன்."

இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதை மறுக்கும் தகுதி நம்மில் பலருக்கு இல்லை. ஓடும் ஆற்றங்கரையில் ஒளுச் செய்யும்போதுகூட வீண் கூடாது என்று கற்ற சமுதாயம், விருந்து மண்டபத்தில் குப்பைத் தொட்டிக்குப் போகும் பிரியாணியைக் கண்டும் காணாமலிருக்கிறது. தன் வீண்விரயத்தை விடாத தகப்பனார் மகனுக்குச் சொல்லும் புத்திமதி காதோடு நின்றுவிடும். இரண்டும் வீண் என்று ஒப்புக்கொண்ட பிறகே ஒரு வேறுபாட்டைச் சொல்ல நமக்கு உரிமை வருகிறது. மண்டபத்தின் விரயம் நம் பணத்தோடு முடிந்துவிடுகிறது. சாலையின் விரயம் முன்பின் அறியாத ஒருவரின் உயிரைத் தொடக்கூடும். தவறுதலாக ஓர் உயிர் போனாலும் தியத் என்னும் நஷ்டஈட்டையும், கஃப்பாராவையும் மார்க்கம் விதித்திருக்கிறது. அந்தச் செலவை எந்த நோட்டுப் புத்தகத்தில் எழுதுவது?

இடம் இருக்கிறது

அப்படியானால் இந்த ஆசைக்கு வாசலே இல்லையா? இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில், 1953-ல் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயத் தடம் 1990 முதல் இருந்து வருகிறது. நம் பகுதியிலிருந்து அது வெகு தூரமில்லை. அங்கே எதிரே வண்டி வராது. குறுக்கே குழந்தை ஓடாது. தலைக்கவசத்திற்கும் மருத்துவ ஏற்பாட்டிற்கும் விதி உண்டு. 2024-ல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றித் தெருக்களிலேயே கார் பந்தயம் நடந்தபோதுகூட, பொதுப் போக்குவரத்தை நிறுத்தி, இருபுறமும் தடுப்புகள் கட்டிய பிறகே வண்டிகளை விட்டார்கள். ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதாஃ வரை என்று எல்லை குறித்ததன் உட்கருத்து இதுவே.

வலிமையின் அளவைப் பற்றியும் ஒரு பாடம் நம் நாட்டிலேயே இருக்கிறது. கோயம்புத்தூர் எஸ். கரிவரதன் அவர்கள் மாருதி 800 காரின் 796 சி.சி. இஞ்சினைக் கொண்டே ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டினார். வீட்டுக்குச் சாமான் வாங்கப் போய்வந்த அதே சிறிய இஞ்சின்! கனத்தைக் குறைத்தார், செலவைக் குறைத்தார், அதனால் பலர் ஓட்டிப் பழக முடிந்தது. 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன், தம் முதல் பந்தயத்தை அந்த மாருதி இஞ்சின் வண்டியில்தான் ஓட்டினார். கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் காலமானார். கோவைக்கருகே உள்ள பந்தயத் தடம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. திறமை வளர்வதற்குக் குதிரைத்திறன் மிகுதியாக வேண்டும் என்பதில்லை என்பதற்கு இது போதுமான சான்று.

ஆகவே, அன்புள்ள இளைஞர்களே! உங்கள் ஆசையைக் கொன்றுவிடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. நோட்டுப் புத்தகத்தில் டர்போவின் விலைக்கு மேலே, முதல் வரியாக, "இந்த வேகத்திற்கு இடம் எங்கே?" என்று எழுதுங்கள். அதற்கு நேராக ஒரு பந்தயத் தடத்தின் பெயரை எழுத முடிந்தால் அடுத்த வரிக்குச் செல்லுங்கள். ஜி.எஸ்.டி. சாலை என்றோ, வெளிவட்டச் சாலை என்றோ, இரவு இரண்டு மணி என்றோ எழுத வேண்டி வந்தால், புத்தகத்தை அங்கேயே மூடிவிடுங்கள். அந்த வரிக்கான பணம் உங்களிடம் எவ்வளவு இருந்தாலும், அந்த இடம் உங்களுடையதன்று.

செல்வத்தை எவ்வழியில் சம்பாதித்தாய், எவ்வழியில் செலவழித்தாய் என்று கேட்கப்படும் நாளில், அந்த இரண்டு கேள்விகளுக்கும் தயங்காமல் விடை சொல்லும் பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.